வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: குடலில் குடியிருப்போர்

வயிற்றுக்குள் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி இந்த முறை பேசலாம் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். நகரி, புத்தூர், பலமநேர், குப்பம் ஆகிய ஊர்களிலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் பேர்ணாம்பட்டிலிருந்தும் கடிதங்கள் வந்து சேர்ந்தன. தெலுங்கு வழியில் படித்த இருவர், வீட்டில் பேசும் தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். படிக்கச் சற்று நேரம் பிடித்ததே தவிர, நோயின் போக்கை அவர்களைப் போலத் தெளிவாக வேறு எவரும் எழுதவில்லை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துவிட்டேன்.

வாசகி, நகரி: எங்கள் வீட்டில் இரண்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. நான்கு வயது மகனுக்குச் சளியும் தொண்டை வலியும் வந்தபோது, வேலையை விட்டுவிட்டுப் போக முடியாமல், மருந்துக் கடையிலேயே ஆன்டிபயாடிக் மருந்து வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாறு முறை தண்ணீராகப் போகிறது. அதே கடைக்காரர், "வயிற்றிலிருந்த நல்ல கிருமி செத்துவிட்டது, இதைக் கொடுங்கள்" என்று பத்துப் பொட்டலம் பொடி கொடுத்தார். மாமியாரோ கஞ்சியைத் தவிர எதுவும் கூடாது, தயிரை நினைக்கவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது ஐயா?

பதில்: தண்ணீராகப் போகும் குழந்தையை இதழ் அச்சாகி வரும்வரை வைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், உங்களுக்குத் தனியே பதில் அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது அதே நிலையில் இருக்கக்கூடிய மற்ற வீடுகளுக்காக.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. 2016-இல் இஸ்ரேல், கனடா ஆய்வாளர்கள் போட்ட கணக்கின்படி, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவருடைய சொந்த உயிரணுக்கள் 30 லட்சம் கோடி. உடலில் மனித அணு ஒன்றுக்குக் கிருமி பத்து என்று பல ஆண்டுகள் சொல்லிவந்த கணக்கு அதோடு அடிபட்டுப் போனது. அத்தனை பாக்டீரியாவையும் திரட்டி நிறுத்தால் 200 கிராம் அளவுக்குத்தான் வரும். இரைப்பையின் அமிலத்தில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. உணவு விரைந்து ஓடும் சிறுகுடலின் மேற்பகுதியிலும் கூட்டம் குறைவு. உணவு மெல்ல நகர்ந்து மணிக்கணக்கில் தங்கும் பெருங்குடலில்தான் அவை பெருகி வாழ்கின்றன.

அங்கே அவை சும்மா குடியிருக்கவில்லை. நம்முடைய செரிமான நீர்களால் உடைக்க முடியாத நார்ப்பொருளையும், செரிக்காமல் தப்பி வந்த மாவுப்பொருளையும் புளிக்கவைத்து, அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இவற்றுள் பியூட்டிரேட்தான் பெருங்குடல் உட்சுவரின் அணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். இந்த அமிலங்கள் குடற்சுவர் வழியே உள்ளே செல்லும்போது சோடியம் உப்பையும், அதன் பின்னே தண்ணீரையும் கூடவே இழுத்துச் செல்கின்றன. ஆன்டிபயாடிக் மருந்து இந்தக் கிருமிக் கூட்டத்தைக் குலைத்தால் அமிலங்களின் உற்பத்தி குறைகிறது, உடலுக்குள் போயிருக்க வேண்டிய தண்ணீர் குடலிலேயே தேங்குகிறது, உங்கள் மகனுக்கு நேர்ந்ததுபோல் பேதியாகிறது. பெரும்பாலும் மருந்து நின்ற சில நாட்களில் இது தானே அடங்கிவிடும்.

இந்த இடத்தில் நம் பகுதியில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் ஆய்வாளர்களும் காலரா கண்ட 48 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசலையும், இன்னொரு பிரிவினருக்கு லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்த்த கரைசலையும், மூன்றாம் பிரிவினருக்குச் சிறுகுடலில் செரிக்காத ஒருவகைச் சோள மாவு அதே அளவு சேர்த்த கரைசலையும் கொடுத்தார்கள். வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குச் சராசரியாக 91 மணி நேரம் நீடித்த பேதி, செரிக்காத மாவு சேர்த்தவர்களுக்கு 57 மணி நேரத்தில் நின்றது. மாவு பெருங்குடல் வரை தப்பிச் சென்று அங்கிருந்த பாக்டீரியாக்களுக்கு உணவானது. அவை உண்டாக்கிய அமிலங்கள் தண்ணீரை உள்ளே இழுத்தன. 2000-ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வில் புதிய கிருமி எதையும் ஒருவரும் விழுங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே இருந்தவற்றுக்குச் சோறு போட்டதோடு சரி.

இனிப் பொடிப் பொட்டலத்துக்கு வருவோம். ஆன்டிபயாடிக் தொடங்கும்போதே சில குறிப்பிட்ட வகைக் கிருமிகளையோ ஈஸ்டையோ சேர்த்துக் கொடுத்தால், குழந்தைகளுக்குப் பேதி வரும் வாய்ப்பு ஓரளவு குறைகிறது. அதற்குச் சான்று உண்டு. ஆனால் தொற்றினால் வந்த பேதிக்கு அவை உதவுமா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான இரண்டு பெரிய குழந்தை ஆய்வுகளிலும் பயன் தென்படவில்லை. அதே ஆண்டில் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தார் பெரியவர்கள் சிலரிடம் செய்த சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் இத்தகைய கிருமி மாத்திரைகளை விழுங்கியவர்களின் சொந்தக் கிருமிக் கூட்டம் பழைய நிலைக்குத் திரும்ப, ஒன்றும் விழுங்காதவர்களைவிடக் கூடுதல் காலம் பிடித்தது. எனவே, அந்தப் பத்துப் பொட்டலத்துக்குக் கொடுத்த காசுக்கு ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைப் பொடி வாங்கியிருக்கலாம் என்பதே என் கருத்து.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் 20.5 கிராம் மருந்து இருக்கும். அதை முழுவதுமாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். கால் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கண்ணளவாகக் கரைப்பது தவறு. ஒவ்வொரு முறை போன பிறகும் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, பேதி நின்ற பிறகும் விடாமல் 14 நாட்களுக்குத் துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க், நாளுக்கு 20 மில்லிகிராம் தர வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அதில் பாதி. மாமியார் சொன்ன உப்புக் கஞ்சி நல்லதே, ஆனால் கஞ்சி மட்டும் என்பதை நான் ஏற்கவில்லை. இட்லி, குழைந்த பருப்புச் சோறு, வாழைப்பழம், தயிர் ஆகிய எல்லாவற்றையும் குழந்தை விரும்பும் அளவுக்குக் கொடுக்கலாம். மலத்தில் இரத்தம், சிறுநீர் வெகுநேரம் கழியாமை, கண் குழிவிழுதல், எழுப்பினால் எழாத சோர்வு, குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

ஆன்டிபயாடிக் முடிந்து வாரக்கணக்கில் கடந்த பின்னும் பேதி நிற்காமல் காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்தால், வேறொன்றை ஐயப்பட வேண்டும். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா, மற்றக் கிருமிகள் ஒழிந்த வெற்றிடத்தில் பெருகி நஞ்சைக் கக்குவது. இது பெரும்பாலும் முதியவர்களுக்கும் மருத்துவமனையில் நெடுநாள் படுத்தவர்களுக்கும் வருவது. உங்கள் மகனைக் குறித்து அந்த அச்சம் வேண்டாம். சளியோடு வரும் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு அந்த ஆன்டிபயாடிக்கே தேவைப்பட்டிருக்காது என்பதையும் கடிந்துகொள்வதற்காக அல்லாமல் சொல்லிவைக்கிறேன்.

வாசகர், குப்பம்: எனக்கு 52 வயது. ராகிக் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் தின்று வளர்ந்த உடம்பு இது. இரண்டு ஆண்டுகள் மகனோடு பெங்களூரில் இருந்துவிட்டு, இந்தப் பொங்கலுக்கு நிலத்தைப் பார்க்க ஊர் திரும்பினேன். இப்போது அதே களியைத் தின்றால் வயிறு பொருமுகிறது, வாயு ஓயாமல் பிரிகிறது, நாலு பேர் நடுவில் உட்கார முடியவில்லை. வாயுப் பண்டத்தையெல்லாம் நிறுத்து என்கிறார்கள். பருப்பும் களியும் இல்லாமல் இந்த ஊரில் என்ன தின்பது?

பதில்: நிறுத்த வேண்டாம், அளவைக் குறைத்துவிட்டு மெல்ல ஏற்றுங்கள். உங்கள் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது.

அவரை, துவரை, கொள்ளு, காராமணி ஆகிய பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகள் உள்ளன. அவற்றை உடைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் சுரப்பதே இல்லை. உங்களுக்கு மட்டுமல்ல, ஒருவருக்கும் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்கு இறங்க, அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைக்கின்றன. அப்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன. மீத்தேனை உண்டாக்குவது பாக்டீரியாவே அல்ல. ஆர்க்கியா என்ற தனி உயிர்வகை. அது மிகுதியாக உள்ளவர்களுக்கு மலச்சிக்கல் கூடுதலாகக் காணப்படுகிறது. இவை மூன்றுமே மணமற்றவை. நாலு பேர் நடுவில் உங்களைக் காட்டிக்கொடுப்பது கந்தகம் கலந்த வாயு, அளவில் மிகச் சொற்பம். நலமுள்ள ஒருவருக்கும் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை வாயு பிரிவது இயல்பு.

பெங்களூரில் இருந்த இரண்டு ஆண்டுகளும் நீங்கள் பெரும்பாலும் தீட்டிய அரிசியே சாப்பிட்டிருப்பீர்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 11 கிராம் நார்ப்பொருள். தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. நாரை உண்டு வாழும் கிருமிகள் உணவு குறைந்ததும் எண்ணிக்கையில் சுருங்கிவிடும். நார் மீண்டும் திடீரென்று கொட்டும்போது அதை ஒழுங்காகக் கையாளும் கூட்டம் உள்ளே இருக்காது. சில வாரங்களில் கூட்டம் மாறும். வாயுவை உண்டாக்கும் கிருமிகள் மட்டுமல்ல, ஹைட்ரஜனைத் தின்று தீர்க்கும் கிருமிகளும் குடலில் உண்டு என்பதால், பழகிய வயிற்றில் பொருமல் குறைகிறது.

ஆகவே முதல் வாரம் எலுமிச்சை அளவு களி, அதிலும் ஒரு வேளை மட்டும். பிறகு வாரத்துக்கு ஒரு மடங்கு கூட்டிக்கொண்டே போங்கள். பயறை இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைத்தால், அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும். உங்கள் ஊரில் அம்பலி என்றும் எங்கள் வீட்டில் கூழ் என்றும் சொல்லும் புளித்த ராகிக் கஞ்சி, இந்த இடைக்காலத்துக்கு மிகப் பொருத்தமான உணவு. கிருமிகள் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கை அவை பானையிலேயே முடித்துவிடுகின்றன. பெருங்காயமும் இஞ்சியும் சேர்ப்பதை நான் தடுக்க மாட்டேன், அவற்றால் கெடுதல் இல்லை.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். 50 வயதுக்குமேல் மலம் கழியும் வழக்கம் புதிதாக மாறினாலோ, எடை காரணமின்றி இறங்கினாலோ, மலத்தில் இரத்தமோ கறுப்போ தெரிந்தாலோ, இரத்தசோகை கண்டாலோ, அதை வாயு என்று ஒதுக்காமல் பெருங்குடலைக் கருவி விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

வாசகர், பங்காருபாளையம்: மாங்காய் மண்டியில் வேலை. சீசனில் காலையிலிருந்து பழத்தைத் தின்றே வயிற்றை நிரப்புவோம். மாலையில் பேதி. மாம்பழச் சூடு என்கிறார்கள். கிருமியா, சூடா?

பதில்: இரண்டும் இல்லை, பழச் சர்க்கரை. மாம்பழத்தில் ஃபிரக்டோஸ் என்னும் சர்க்கரை குளுக்கோஸைவிடக் கூடுதலாக இருப்பதால், ஓர் அளவுக்குமேல் சிறுகுடலால் அதை உறிஞ்ச முடியாது. மிச்சம் தண்ணீரை இழுத்துக்கொண்டு கீழே இறங்க, பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. ஒரு வேளைக்கு ஒரு பழம், அதுவும் சோற்றோடு என்று வைத்துக்கொண்டால் சீசன் முழுவதும் நிம்மதியாகத் தின்னலாம். காய்ச்சலோ மலத்தில் சீதமோ இரத்தமோ சேர்ந்தால் மட்டும் கிருமித் தொற்று என்று எண்ணி மருத்துவரிடம் வாருங்கள்.

வாசகி, பலமநேர்: என் கணவர் தக்காளி லாரி ஓட்டுகிறார். வேளை தவறிய சாப்பாடு, ஆந்திரக் காரம், போதாக்குறைக்கு உடம்பு வலிக்கு அடிக்கடி மாத்திரை. நான்கு ஆண்டுகளாக நெஞ்செரிச்சல் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவருகிறார். சென்ற மாதம் எண்டோஸ்கோப்பி செய்தபோது முன்சிறுகுடலில் புண் இருப்பதாகவும், அது கிருமியால் வந்ததாகவும் சொல்லிவிட்டார்கள். காரத்தால் வந்த புண்ணில் கிருமி எப்படி வந்தது? வீட்டில் எல்லோரும் மருந்து சாப்பிட வேண்டுமா?

பதில்: உங்களுக்கு எழுந்த இதே ஐயம் ஒருகாலத்தில் உலகிலுள்ள மருத்துவர்கள் எல்லோருக்கும் இருந்தது. அமிலம் கொதிக்கும் இரைப்பையில் எந்த உயிரும் வாழாது என்றே நெடுங்காலம் கற்பித்துவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியல் மருத்துவர் ராபின் வாரன் இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்களைத் தொடர்ந்து கண்டார்; அவரோடு சேர்ந்த இளம் மருத்துவர் பாரி மார்ஷல் 1982-இல் அவற்றை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார். எவரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, சில நாட்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளானார். ஹெலிகோபேக்டர் பைலோரி என்று இன்று நாம் அழைக்கும் அந்தப் பாக்டீரியாவுக்காக இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. தன்மேல் தானே சோதித்துப் பார்ப்பதை நான் ஒருவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இருந்தாலும் அந்தத் துணிவை வியக்காமல் இருக்க முடியவில்லை.

யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றிலும் அமிலம் தணிந்த ஒரு சிறு வளையத்தை இந்தக் கிருமி ஏற்படுத்திக்கொள்கிறது; சளிப்படலத்துக்குள் துளைத்துச் சென்று அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. பெரும்பாலும் சிறுவயதிலேயே, குடும்பத்துக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. எனவே உங்கள் கணவரின் வயிற்றில் அது லாரி ஓட்டத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே குடியேறியிருக்கும். கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தொல்லை எதுவும் தெரிவதில்லை; சிலருக்கு மட்டும் புண்ணாகிறது, மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரை போகிறது. புண் வருவதற்கு இன்னொரு பெரிய காரணம் வலி மாத்திரைகள். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது நல்லதல்ல. மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள புண்ணில் எரிச்சலைக் கூட்டும், அவ்வளவுதான்.

அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இரண்டு அல்லது மூன்று மருந்துகளைச் சேர்த்து 14 நாட்கள் தருவார்கள். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, பாதியில் நிறுத்தவும் கூடாது. நம் நாட்டில் இந்தக் கிருமி சில ஆன்டிபயாடிக்குகளுக்கு ஏற்கெனவே அசைந்துகொடுப்பதில்லை. ஆன்டிபயாடிக் எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்று நகரி வாசகிக்குச் சொன்ன நான், இங்கே இரண்டு வாரம் முழுதாகச் சாப்பிடச் சொல்வது முரணாகத் தோன்றலாம். பகைவன் யாரென்று பார்த்து, பெயரும் தெரிந்த பிறகு கொடுக்கும் மருந்து இது. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரங்களுக்குப் பின், மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து கிருமி ஒழிந்ததை உறுதிசெய்ய வேண்டும். அதற்கு முன் இரண்டு வாரங்கள் நெஞ்செரிச்சல் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையேல் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டும். வீட்டில் எல்லோருக்கும் மருந்து தேவையில்லை. தொடர்ந்து வயிற்றெரிச்சல் உள்ளவர்களும், நெருங்கிய உறவில் இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்களும் சோதித்துக்கொண்டால் போதும். புண் ஆறியபின் அந்த நான்காண்டு மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டு விட்டுவிட முயலுங்கள். அமிலம் இரைப்பையின் வாயிற்காவலன். அதை ஆண்டுக்கணக்கில் தணித்துவைத்தால், உணவோடு வரும் கெட்ட கிருமிகள் தடையின்றிக் குடலுக்குள் இறங்கும்.

வாசகர், பேர்ணாம்பட்டு: எனக்கு 74 வயது. 1960-களின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு கழிச்சல் பரவி, வீட்டுக்கு வீடு ஆட்கள் மாதக்கணக்கில் வெளுத்து, நாக்கு வெந்து, எலும்பும் தோலுமாகப் போனார்கள். வேலூரிலிருந்து டாக்டர்கள் ஜீப்பில் வந்து இரத்தம் எடுத்துப் போனது நினைவிருக்கிறது. அது காலரா இல்லை என்றார்கள். பின்னே என்ன?

பதில்: பெரியவர் விவரிப்பது வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோயைத்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அன்றைய வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் அது கொள்ளைநோயாகவே பரவியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் கிராமங்களுக்கே சென்று அதை ஆராய்ந்தார்கள்; இன்று உலகெங்கும் மருத்துவ நூல்களில் ஸ்ப்ரூவைப் பற்றிய பகுதியில் அவர்களுடைய பணி இடம்பெற்றிருக்கிறது.

சாதாரணக் கழிச்சலாகத் தொடங்கும் நோய், சிலரை விடாது. சிறுகுடலின் உட்சுவரில் பட்டுத்துணியின் இழைபோல் நிற்கும் குடலுறிஞ்சிகள் மழுங்கிவிடும். மேற்பகுதியில் இருக்கக் கூடாத அளவுக்குப் பாக்டீரியாக்கள் குடியேறியிருக்கும். கொழுப்புச் செரிக்காமல் மலம் வெளுத்து, எண்ணெய்ப்பசையோடு மிதக்கும். ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் உடலில் சேராததால் இரத்தசோகையும் நாக்குப்புண்ணும் வரும். நீங்கள் கண்ட வெந்த நாக்கு அதுதான். குறிப்பிட்ட ஒரே கிருமிதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் டெட்ராசைக்ளின் மருந்தும் ஃபோலிக் அமிலமும் சில மாதங்கள் கொடுத்தால் பெரும்பாலோர் தேறினார்கள். கிருமி தப்பான இடத்தில் குடியேறினாலே நோய் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதே வேலூரில் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், நலமுள்ள தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி12 வைட்டமினைத் தயாரிப்பதைக் காட்டினார்கள். பெருங்குடல் பாக்டீரியாக்களும் அதைத் தயாரிக்கத்தான் செய்கின்றன, ஆனால் பி12-ஐ உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைக்கோடி. அதைத் தாண்டிக் கீழே உற்பத்தியாவது நமக்கு உதவாது. சுத்தமான தண்ணீரும் பழையதைவிடச் சிறந்த மருந்துகளும் வந்தபின் ஸ்ப்ரூ கொத்துக்கொத்தாக வருவது நின்றுவிட்டது. பால், தயிர், முட்டை எதுவும் தொடாத சைவர்கள் பி12-க்கு வயிற்றுக் கிருமியை நம்பியிருக்க வேண்டாம், மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியர், சித்தூர்: என் மகளுக்கு 22 வயது. மூன்று ஆண்டுகளாக வயிற்று வலியும் பேதியும் மாறிமாறி வருகின்றன. மலத்தை அனுப்பினால் உள்ளே உள்ள கிருமிகளையெல்லாம் கண்டறிந்து உணவு முறை எழுதித் தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். பல ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். நலமுள்ளவரின் மலத்தை நோயாளியின் குடலில் செலுத்தும் சிகிச்சை பற்றியும் படித்தேன். அருவருப்பாக இருந்தாலும், பலன் உண்டென்றால் செய்யத் தயார்.

பதில்: விளம்பரத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள். எந்தெந்தக் கிருமி எத்தனை பங்கு என்ற பட்டியல் வரும். அதை வைத்துச் சிகிச்சையை முடிவுசெய்யும் நிலையை மருத்துவம் இன்னும் எட்டவில்லை. ஒரே ஆளின் மலத்தை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினால் இரண்டு பட்டியல் வரக்கூடும்.

மலமாற்றச் சிகிச்சை புரட்டு அல்ல. முன்பு சொன்ன டிஃபிசில் கிருமியால் திரும்பத் திரும்பப் பேதிக்கு ஆளானவர்களுக்கு நெதர்லாந்தில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாடிக்கைவிட அது மிகச் சிறந்து விளங்கியதால் ஆய்வையே இடையில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு நோய்க்குத்தான் அது உறுதியான சிகிச்சை. மற்றவற்றுக்கு ஆராய்ச்சி அளவில் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அது வேண்டுமா என்று கேட்பதற்கு முன், அவருக்கு என்ன நோய் என்று தெரிய வேண்டும்.

இரண்டு வழிகள் உண்டு. சோதனைகளில் எதுவும் தென்படாமல், வலியும் மலப்போக்கின் மாற்றமும் மட்டும் இருந்தால் அது எரிச்சல் குடல் நோய். கடுமையான ஒரு பேதிக்குப்பின் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது தொடர்கிறது. கிருமித் தொற்று போன பின்னும், குடலின் நரம்புகள் கூர்மையாகவே இருந்துவிடுகின்றன. தேர்வு நாட்களிலும் திருமணப் பேச்சு நாட்களிலும் இது கூடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பாசாங்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள், வலி உண்மையானது. மாறாக, மலத்தில் இரத்தம், இரவில் தூக்கத்தை எழுப்பும் பேதி, எடைக் குறைவு, மூட்டு வலி, விடாத காய்ச்சல் இருந்தால், குடலை நெடுநாள் புண்ணாக்கும் அழற்சி நோய்களான குரோன் நோயையோ பெருங்குடல் புண் அழற்சியையோ தேட வேண்டும். இவற்றில் குடலின் கிருமி வகைகள் குறைந்துபோயிருப்பது உண்மை. பியூட்டிரேட் தரும் ஃபீக்கலிபாக்டீரியம் என்ற இனம் குரோன் நோயாளிகளிடம் குறைவாகவே காணப்படுகிறது. ஆனால் கிருமி குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் கிருமி குறைந்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மரபும் எதிர்ப்பாற்றலின் கோளாறும் அதில் பங்கு கொள்வதால், தயிரோ மாத்திரையோ மட்டும் அதைத் தீர்க்காது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடலில் வரும் காசநோய் குரோன் நோயைப் போலவே தோன்றும். காசநோயாளிக்குக் குரோன் என்று எண்ணி, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் கொழுந்துவிட்டெரியும். ஆகவே குடலில் அழற்சி உண்டா என்று காட்டும் கால்புரோடெக்டின் என்ற மலச் சோதனை, இரத்தச் சோதனை, தேவைப்பட்டால் பெருங்குடலைக் கருவி விட்டுப் பார்த்துத் திசு எடுத்தல் என்ற வரிசையில் குடல் நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். விளம்பரக்காரர் கேட்கும் பணம் அதற்கு உதவும்.

வாசகி, புத்தூர்: பால் குடித்தால் வயிறு கடமுடவென்கிறது, தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன. இரண்டும் ஒரே மாட்டிலிருந்து வருவதுதானே? இன்னொன்று, மோர்க்குழம்பு சாப்பிட்டால் நல்ல கிருமி கிடைக்குமா?

பதில்: மாடு ஒன்றுதான். பாலிலுள்ள லாக்டோஸை உடைக்கும் நொதி, குழந்தைப் பருவம் கடந்தபின் பலருக்குக் குறைந்துவிடும்; வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் இது கூடுதல். உடையாத லாக்டோஸ் பெருங்குடல் பாக்டீரியாக்களின் கையில் சிக்குவதால் கடமுட. உறை ஊற்றிய பாலில் தயிர்க் கிருமிகள் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன; மீதியையும் குடலுக்குள் வந்து உடைக்க உதவுகின்றன. காப்பியில் கலக்கும் சிறிதளவு பால் பெரும்பாலோருக்குத் தொல்லை தராது.

மோர்க்குழம்பைக் கொதிக்கவிட்டு இறக்குகிறவர்கள் வீட்டில் அந்தக் கிருமிகள் பிழைத்திருக்க வழியில்லை. திரியாமல், நுரை கட்டியதும் இறக்கினாலும் பெரும்பகுதி போய்விடும். சுவைக்காகச் சாப்பிடுங்கள், கிருமி வேண்டுமென்றால் கடைசிப் பிடிச் சோற்றுக்குப் பச்சை மோர் ஊற்றிக்கொள்ளுங்கள்.